இடது கைப்பக்கம் பெங்களூரு

அந்த மஞ்சள் நிறக் கருவி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன கேம் விளையாடலாம் என்று கேட்கிறார்கள். எல்லா வழியும் போனிலேயே கிடைக்கிற இந்தக் காலத்தில், இதை வாங்குவதற்காக இரண்டு பேர் கொடைக்கானலிலிருந்து பெங்களூருக்குப் போய் அலைந்தோம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.

பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு, புடவை எடுக்கப் போகிறவர்கள் உண்டு. நானும் சேவியரும் போனது ஸ்டெல்லா போட்ட ஒரு நிபந்தனையால். ஸ்டெல்லா, சேவியரின் மனைவி.

சேவியர் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். என் மனைவி இறந்துபோன பிறகு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சேவியர் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவைப் போடு என்று இழுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து ஞாயிறு என்றால் நடைதான். புல்மேடு, சோலை, மறுபடியும் புல்மேடு. மத்தியானம் ஏதாவது ஒரு பாறையில் உட்கார்ந்து ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதற்கு வந்தது வினை. ஒரு மழைக்காலத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவேன் என்று அவன் பெருமையடித்துக்கொள்கிற பாதையிலேயே மேகம் இறங்கி எங்களை மூடிவிட்டது. ராத்திரி முழுக்க ஒரு பாறையடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தோம். காலையில் வனத்துறை ஆட்கள் வந்து, தொலைந்துபோன பிள்ளைகளைப் போல எங்களைக் கூட்டிவந்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. ஸ்டெல்லா திட்டவில்லை. சேவியரின் ஷூவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். துணி வைக்கிற பீரோவில், சேற்றோடு.

கெஞ்சிப் பார்த்தோம். கடைசியில் என்னிடம்தான் சொன்னாள். “அண்ணே, ஸ்கூல்ல அந்த வெள்ளக்கார டீச்சர் ஒரு மிஷின் வச்சிருக்காங்கல்ல, வழி காட்டுறது. அத வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் ஷூவத் தர்றேன். இல்லேன்னா நீங்க தனியாப் போய்க்கிருங்க.”

சேவியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவனுக்கு மிஷின் வழி சொல்லணுமா என்று கேட்டான். பனிமூட்டத்தைவிட அந்த அவமானம்தான் அவனை அதிகம் உறுத்திக்கொண்டிருந்தது. ஞாயிறுகள் ஒவ்வொன்றாய்ப் போயின. நான் தனியாக ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். அந்தக் கருவிக்குப் பெயர் ஜி.பி.எஸ். என்றும், நம் பக்கத்தில் அது பெங்களூரில்தான் கிடைக்கும் என்றும், அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் சனி ஞாயிறில் மலையேறப் போகிறார்கள் என்றும் அந்த டீச்சர் சொன்னார். பெங்களூரு என்றதும் சேவியர் கொஞ்சம் இளகினான். அவன் பிறந்து வளர்ந்தது அங்கே, பிரேசர் டவுனில். இருபது வயதில் லாரி கிளீனராக மலையேறி வந்தவன், அம்மா சாவுக்கு ஒருமுறை போனதோடு சரி.

அந்த ஊர் மண்ணில் கால் வைத்ததும் அவனுடைய தமிழ் மாறிவிட்டது. கொடைக்கானலில் “என்ன லிங்கம்” என்று கூப்பிடுகிறவன், சிவாஜிநகர் லாட்ஜ் வாசலில் இறங்கி, “இன்னா லிங்கம், பசிக்குதா?” என்றான். கன்னடமும் உருதும் எங்கே ஒளிந்துகொண்டிருந்தனவோ, ஆட்டோக்காரனிடம் ஒன்று, பால் வண்டிக்காரனிடம் ஒன்று என்று எடுத்துவிட்டுக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரன் கேட்காமலேயே மீட்டர் போட்டதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். எங்கள் ஊரில் மீட்டர் என்பது கரண்டுக்கு மட்டும்தான்.

காலைப் பலகாரம் ஒரு தர்சினியில். நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல். உள்ளே மசாலா வைக்காமல் மெத்தென்று தருகிற காலி தோசை. தோசை அருமை, சாம்பாரில்தான் வெல்லம். பாயசத்தை எதற்குத் தோசைமேல் ஊற்றினார்கள் என்று நான் முணுமுணுத்தேன். சேவியரோ கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை அப்படியே குடித்தான். பிறகு ஒரு காபி சொல்லி, “பை டூ” என்றான். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதி பாதியாக ஊற்றித் தந்தார்கள். ஒன்றை இரண்டாகக் கேட்பதற்கு எங்கள் ஊரில் கூசுவோம். இங்கே கோட்டு போட்டவர்களும் கூசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதலில் ஏறி இறங்கியது பெரிய ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. ஏ.சி. குளிரில் ஒரு பையன் வெல்வெட் துணியை விரித்து, கலர் திரை வைத்த ஒரு கருவியை அதன்மேல் வைத்தான். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரைத் திறந்து சந்து சந்தாகக் காட்டினான். பெட்ரோல் பங்க் எங்கே, பிட்சா கடை எங்கே என்று எல்லாம் இருந்தது. நம்ம ஊரைக் காட்டுங்க தம்பி என்றேன். இந்தியாவைக் கொண்டுவந்தான். சுற்றிக் கடற்கரைக் கோடு, நடுவில் ஒரு புள்ளி, பெங்களூரு. அதற்குக் கீழே கன்னியாகுமரி வரைக்கும் வெறும் வெள்ளை. கொடைக்கானல் என்று ஒரு மலை இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

“மேப் அப்பறம் வரும் சார்” என்றான் பையன். சேவியர் ஒரே ஒரு கேள்வி கேட்டான், பேட்டரி என்ன என்று. தனி பேட்டரி, வீட்டில் சார்ஜ் போட வேண்டும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி போட முடியாத எதையும் வாங்கக்கூடாது என்று நாங்கள் எடுத்த முடிவு அந்த வெல்வெட் துணிமேல் எடுத்ததுதான்.

திரும்பி சிவாஜிநகர் போகப் பஸ் ஏறினோம். சேவியர்தான் கூட்டிப்போனான். பலகையில் எல்லாம் கன்னடம், எண்கூடக் கன்னட எழுத்தில். படிக்கத் தெரிந்தவன்தான். ஆனால் அவன் தேடியது இருபது வருடத்துக்கு முந்தைய நம்பரை, அந்த நம்பரும் வந்தது. ஏறி உட்கார்ந்து, இதோ இப்போது குளம் வரும், இதோ மார்க்கெட் வரும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான். குளமும் வரவில்லை, மார்க்கெட்டும் வரவில்லை. வீடுகள் குறைந்து, கட்டிக்கொண்டிருக்கிற கட்டடங்களாக வந்துகொண்டிருந்தன. முன்னாலிருந்த ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்ல, இருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாவம், ஊருக்குப் புதுசு போலருக்குன்றாங்க.”

பஸ் ஊர்க்கோடியில் எங்களை இறக்கிவிட்டுவிட்டுப் போயிற்று. மலையில் வழி தவறியதற்காவது பனிமூட்டம் என்று ஒரு சாக்கு இருந்தது.

மறுநாள் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம். ஒரு பக்கம் கறிக்கடை, ஒரு பக்கம் துணிக்கடை, நடுவில் தார்பாலின் கூரைக்குக் கீழே ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு நடக்கிற சந்து. அதில் பைனாகுலர், டார்ச், பழைய கேமரா என்று வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு பாய் கடை. சேவியர் உருதுவில் ஆரம்பித்தான். பாய் சிரித்துக்கொண்டே தமிழில் பதில் சொன்னார். கீழ்த்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தார். செங்கல் மாதிரி கனம், தலையில் ஒரு கொம்பு. கடலில் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருந்ததாம், துபாயிலிருந்து வந்தது. ஸ்விட்சைப் போட்டார். தேடுகிறேன், தேடுகிறேன் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

“இங்க சிக்னல் கெடைக்காது. அதுக்கு ஆகாசம் வேணும்” என்று எங்களை வெளியே கூட்டிப்போனார்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொஞ்சம் வானம் தெரிகிற இடத்தில் மூன்று பேரும் நின்றோம். பாய் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். உடனே சுற்றிலும் கூட்டம். ரேடியோவா, வயர்லெஸ்ஸா, போலீஸா என்று விசாரணை. ஆளுக்கு ஒரு பால் விடாத சுலைமானி டீ வரவழைத்துக் குடித்து முடித்தோம். அப்போதும் அந்தத் திரையில் நாங்கள் துபாயில்தான் நின்றுகொண்டிருந்தோம். கடைசியாக எங்கே அணைத்தார்களோ அங்கேயே இருப்பதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கும், புது ஊரைப் புரிந்துகொள்ள நேரமாகும் என்று பாய் விளக்கினார். நான் சேவியரைப் பார்த்தேன். என்னத்துக்குப் பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“பஸ்ஸு நம்பர மாத்துனது அவனுங்க தப்பு” என்றான்.

கடைசியில் கருவி பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பாயே அதை விற்க மனமில்லாமல் துணியைச் சுற்றினார். மலைக்கு இது வேண்டாம், இதைச் சுமப்பதற்கே ஒரு ஆள் வேண்டும் என்றார். அவரிடம் அடிக்கடி டார்ச் வாங்க வருகிற ஒரு தமிழ்ப்பெண் ஜோகுபாளையத்தில் இருக்கிறாளாம், வாரம் தவறாமல் மலையேறுகிறவள், பெரியது வாங்கிவிட்டதால் தன்னுடைய சின்னதை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். கடை போனிலிருந்து அவரே பேசி, சாயங்காலம் நாங்கள் அங்கே போவதற்கு ஏற்பாடும் செய்து கொடுத்தார். கடைக்கு வந்த ஆளை வேறிடத்துக்கு அனுப்புகிற வியாபாரியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அதற்குப் பின்பும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் வித்யா. மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற குடும்பம். அப்பா மாநில அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். “பன்னி, குத்கொள்ளி” என்று கன்னடத்தில் வரவேற்று, எங்கள் முழியைப் பார்த்து, “வாங்கோ, உக்காருங்கோ” என்று தமிழுக்கு மாறினார். கொடைக்கானல் என்றதும் உள்ளே திரும்பி முறுக்கு கொண்டுவரச் சொன்னார்.

வித்யா கொண்டுவந்து வைத்ததுதான் இந்த மஞ்சள் கருவி. மேப் இல்லை, கலர் இல்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று எண்ணாகச் சொல்லும், குறித்து வைத்த இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஒரு அம்புக்குறி காட்டும், நடந்த வழியைக் கோடாகப் போட்டு வைத்துக்கொள்ளும். பென்சில் பேட்டரி இரண்டு. சேவியர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் கை பெரியது, ஆனாலும் பட்டன்கள் ஓரத்தில் இருந்ததால் கட்டைவிரலுக்கு அடங்கின. மாடிக்குப் போய் வானத்தைக் காட்டினோம். அம்பு அசையவே இல்லை. கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன்.

“இதுல காம்பஸ் இல்ல அங்கிள். நின்னுட்டிருந்தா நம்ம எந்தப் பக்கம் பாக்கறோம்னு அதுக்குத் தெரியாது. நடந்தாத்தான் காட்டும்” என்றாள். சேவியருக்கு அது ரொம்பப் பிடித்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

வேறொரு விஷயமும் அவள் சொன்னாள். கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்று தன் மேப்பைப் பார்த்து எண்களை ஏற்றியவள், சிரித்தாள். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன, உங்கள் ஏரிக்கரையில் நின்று வடக்குப் பார்த்து நேராக நடந்தால் எங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள் என்றாள். அப்பா ஆச்சரியப்பட்டு இரண்டு தடவை கேட்டார். நானும் அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன், எதற்கும் உதவாத விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பிறகு ஒரு இடத்தைக் குறிப்பது எப்படி என்று காட்டினாள். பட்டனை அழுத்திப் பிடித்தால் நிற்கிற இடம் பதிவாகும். அதற்கு ஒரு பெயர் வைக்கலாம், ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு மேல் ஏற்காது. “மொதல்ல வீட்டக் குறிச்சிடுங்க அங்கிள். மத்ததெல்லாம் அப்பறம்.” விலை பேசுவதற்கு முன்னால், நாளை ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள் என்று கொடுத்தனுப்பினாள். ஷூவையும் இதையும் நடக்காமல் வாங்கக்கூடாது என்பது அவள் கட்சி. முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் அந்தச் சாமானை அப்படியே தூக்கிக் கொடுத்த அந்த நம்பிக்கையை இன்றைக்கு எங்கே தேடுவது என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் நடை. ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரி ஓரமாகப் பிரேசர் டவுனுக்கு. சேவியர் கருவியைக் கையில் பிடித்திருந்தான், ஆனால் அதைப் பார்க்கவில்லை. தன் பழைய பேட்டைக்குள் நுழைந்ததும் அவன் நடையே மாறியது. இது உதைபந்து ஆடிய மைதானம், இது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா கேக் மாவைத் தட்டில் எடுத்துப்போய்ச் சுட்டுக்கொண்டு வருகிற பேக்கரி, இந்தச் சுவரேறிக் குதித்துத்தான் மாங்காய். பாதி இடத்தில் சுவரே இல்லை. ஆனாலும் கைகாட்டினான், நானும் பார்த்தேன். ஒரு கடையில் மட்டன் சமோசா சுடச்சுட வாங்கித் தின்றோம். எங்கள் ஊரில் சமோசாவுக்குள் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை.

அவன் வீடு இருந்த தெருவில் திரும்பினோம். ஓட்டு வீடு, முன்னால் ஒரு கொய்யா மரம், பச்சை கேட் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அங்கே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கேட்டில் வாட்ச்மேன். வாடகை வீடுதான், விற்றது வீட்டுக்காரர், இவர்களுக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இடித்துவிட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும், யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தாலும் வந்து பார்ப்பது வேறு. யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கன்னடத்தில் கேட்டான். யாருமில்லை, சும்மா என்று சேவியர் சொன்னான். அவனைக் கொஞ்ச நேரம் தனியாக விடலாம் என்று, ஸ்டெல்லாவுக்கு பன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று பேக்கரிப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது எதிர்ப்புறம் ஒரு மரத்தடியில் நின்று கருவியின் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்றேன். சும்மா, பழகிக்கொள்கிறேன் என்றான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“லிங்கம், இதயே எடுத்துக்கலாம்.”

அன்று மாலையே வித்யாவிடம் விலை பேசி முடித்துக்கொண்டோம். ஊர் திரும்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை காலி தோசை, வெல்லச் சாம்பார், பை டூ காபி. அந்தச் சாம்பார் எனக்கும் பழகிவிட்டிருந்தது, அதைச் சேவியரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கொடைக்கானலில் ஸ்டெல்லா அந்தக் கருவியை வாங்கிப் பார்த்து நேராக விஷயத்துக்கு வந்தாள். இதில் நம்ம வீடு இருக்கிறதா என்றாள். குறிச்சாச்சு என்றான் சேவியர். திரையில் குட்டியாக ஒரு வீட்டுப் படமும், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘வீடு’ என்றும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ஆனால் ஒரு வார்த்தை சொன்னாள், இருட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும், ஒருதடவை தவறினாலும் ஷூ அடுப்புக்குள் போகும் என்று. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது. அந்த ராத்திரி அவள் வாசலில் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதைப் பக்கத்து வீட்டார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். அதே பழைய பாதை, சேவியரின் பிடிவாதம். வெயில் பளிச்சென்று இருந்தது. புல்மேட்டில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக் கையைத் துடைக்கிற நேரத்துக்குள் மேகம் கீழிருந்து ஏறி வந்து எங்களை விழுங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. நான் பயப்படவில்லை. நடந்த வழியெல்லாம் கோடாக இருக்குமே, அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றேன். சேவியர் மேல்சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து, அப்போதுதான் ஸ்விட்சைப் போட்டான்.

“இவ்வளவு நேரம் ஆஃப்லயா வச்சிருந்த?”

“பேட்டரி வீணாகுமேன்னுதான்” என்றான்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடித்த பழைய லாரிப் புத்தி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, வீட்டுக்காவது அம்பு காட்டுமே என்று பிடுங்கிப் பார்த்தேன். வானத்தைத் தேடிப் பிடித்து, ‘வீடு’ என்று எழுதி, கீழே தூரத்தைக் காட்டியது. முந்நூற்று ஆறு கிலோமீட்டர். தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

சேவியர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “பெங்களூர்ல குறிச்சேன் லிங்கம். எங்க வூட்டாண்ட.”

“இங்க வந்து மறுபடி குறிக்கலையா?”

“குறிக்கப் பாத்தேன். அதே பேருல ரெண்டு வைக்க வுடல. பழச அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “வீட்டத்தான் இடிச்சிட்டானுங்க. நான் வேற என் கையால அழிக்கணுமா?”

“வேற பேரு வச்சிருக்க வேண்டியதுதான?”

“வீட்டுக்கு வேற இன்னா பேரு வைக்கிறது?”

ஈரக் காற்றில் அவன் மீசையெல்லாம் துளி துளியாக இருந்தது. அவன் இத்தனை நாள் எங்களோடு இந்த மலையில் எத்தனை சந்தோஷமாக இருந்தும், அந்தக் கொய்யா மரத்தடியை மட்டும் யாருக்கும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் பெரிய பிரியம் வந்தது. கூடவே, இருட்டினால் ஸ்டெல்லா என்ன செய்வாள் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. ஷூவும் போகும், என் ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

நாங்கள் நின்ற புல்மேட்டுக்குக் கிழக்கே ஒரு தார் ரோடு தெற்கு வடக்காகப் போகிறது. கிழக்கே நடந்தால் எப்படியும் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். எது கிழக்கு என்பதுதான் தெரியவில்லை. அப்போதுதான் வித்யாவின் மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. இரண்டு ஊரும் ஒரே கோட்டில். பெங்களூரு எங்களுக்கு நேர் வடக்கே. அப்படியானால் அந்த அம்பு காட்டுகிற பக்கம் வடக்கு. இதற்குப் பத்து ரூபாய் காம்பஸ் ஒன்று போதுமே என்று தோன்றியதை அப்போதும் சொல்லவில்லை, இன்றுவரை ஸ்டெல்லாவிடமும் சொல்லவில்லை.

“சேவியர், உன் வீட்டப் பாத்துக்கிட்டே வா. அது எப்பவும் நமக்கு எடது கைப்பக்கம் இருக்கணும்” என்றேன்.

நின்றால் அம்பு செத்துவிடும் என்பதால் நிற்காமல் நடந்தோம். அவன் முன்னால் கருவியை ஏந்திக்கொண்டு போனான். நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால். பள்ளத்தில் சுற்ற வேண்டி வரும்போதெல்லாம், மறுபடியும் அம்பை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்து திருத்திக்கொண்டோம். “பெங்களூரு எங்க இருக்கு?” என்று நான் கேட்க, “பக்கத்துலதான், எடது பக்கம்” என்று அவன் சொல்ல, பயமெல்லாம் போய் ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். அம்மாவின் கேக், பச்சை கேட், மாங்காய்ச் சுவர் என்று அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே நடந்தான். காலடியில் புல் முடிந்து தார் தட்டுப்பட்டபோது குனிந்து ரோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த வண்டி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலில் இருந்தோம். ஸ்டெல்லா எங்கள் ஈரத் தலையையும், ஊரை மூடியிருந்த மேகத்தையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

“இந்த மூட்டத்துல எந்த வழியா வந்தீங்க?”

“பிரேசர் டவுன் வழியா” என்றான் சேவியர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஷூக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானேன். பிறகு அவன் ஷூவை எடுத்தாள். பீரோவுக்கு எடுத்துப்போகவில்லை. அடுப்படிச் சுவரோரம், சூடு படுகிற இடத்தில், காயட்டும் என்று சாய்த்து வைத்தாள்.

சேவியர் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். வானத்துக்கு முகம் காட்டிக் கருவியைப் பிடித்தபடி, பட்டனை மேலும் கீழும் அழுத்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தான். நான் போய்த் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். ‘வீடு’ அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு குட்டி வீட்டுப் படம் போட்டு, கடைசி ஆங்கில எழுத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். ஸ்டெல்லா.

“சரியா ஆறெழுத்து, லிங்கம்” என்றான்.